வாயால் வழி கேட்டவர்

சைக்கிளில் போகிறவனுக்கு ஹோன் அடிக்கக் கூடாது என்பது அவருடைய கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர்.

"ஹோன் யாருக்கு அடிக்கிறது? லொறிக்கு அடி, வேனுக்கு அடி, ரோட்டுல படுத்துக் கெடக்கிற மாட்டுக்கும் அடி. மாட்டுக்குக்கூடக் கொம்பு இருக்கு. சைக்கிள்காரன்கிட்ட என்னா இருக்கு? பின்னால போயிக் காதுக்குள்ள அலறினா கை ஆடாதா? கை ஆடினா எங்க போவான்? ரோட்டோரக் கானுக்குள்ளதான்."

இதை அவர் சொன்னது சிங்களத்தில். அவர் பிபிலைப் பக்கத்துச் சிங்களவர். தமிழில் 'சரி', 'போ', 'தண்ணி' என்பதற்கு மேல் ஒன்றும் வராது. நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சிங்களத்தில்தான். எனக்கு எழுத வருவது தமிழ் என்பதால் அவரையும் எங்கள் தோட்டத்துப் பேச்சிலேயே பேச வைக்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டார்.

பதுளையிலிருந்து லுணுகலைக்கு ஓடிய தனியார் பஸ் ஒன்றில் அவர் டிரைவர், நான் கொண்டக்டர். நான் அவரை மாமா என்பேன். இரண்டு பாஷைக்கும் அந்த ஒரு சொல் பொதுவாக இருந்தது பெரிய வசதி. அவர் என்னை 'மல்லி' என்பார், அதாவது தம்பி. மாமாவுக்கு நான் எப்படித் தம்பி ஆவேன் என்று ஒருநாள் கேட்டேன். "கூப்புட்டா திரும்பிப் பாக்குறல்ல, அது போதும்" என்றார்.

ஹோன் அடிக்காதவர் என்ன செய்வார்? ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, சொந்த வாயால் கத்துவார். "வம! வம!" சிங்களத்தில் வம என்றால் இடது பக்கம். இடது பக்கமாக ஒதுங்கு, நான் வருகிறேன் என்று அர்த்தம். பஸ் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமே, அதனால் இழுத்துக் கத்துவார். "வமா... வமா..." என்று அது மேட்டில் ஏறி அடுத்த வளைவு, அந்த முடக்கு வரைக்கும் போகும். மழையானாலும் சரி, மூக்கு நுனி தெரியாத பனியானாலும் சரி, அவர் பக்கத்து ஜன்னல் திறந்தேதான் இருக்கும். அதனால் வருஷம் முழுக்க அவருக்குத் தொண்டை கட்டியிருக்கும். கொத்தமல்லித் தண்ணிப் போத்தல் ஒன்று சீட்டுக்குப் பின்னால் உருண்டுகொண்டே கிடக்கும்.

பெட்ரோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலம் அது. எங்கள் பஸ்ஸுக்கே டீசல் கிடைத்தால்தான் ஓட்டம். மோட்டார் சைக்கிளை மூடி வைத்துவிட்டு ஊரே சைக்கிள் வாங்கியது. பதுளையில் சைக்கிள் ஓட்டுவது லேசுப்பட்ட காரியமா? பாதி நேரம் நாம் சைக்கிளைத் தள்ள வேண்டும், மீதி நேரம் சைக்கிள் நம்மைத் தள்ளும். வாத்தியார், வங்கிக்காரர், தபால்காரர், காஸ் சிலிண்டரைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓட்டுகிறவர் என்று ரோடு முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தது. மற்ற டிரைவர்கள் எரிந்து விழுந்தார்கள். எங்கள் மாமாவுக்கோ கல்யாண வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது.

கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர் இருந்தார். சைக்கிளில் பிறந்து சைக்கிளில் வளர்ந்த மனுஷன். முதல் நாள் எங்கள் மேட்டில் பாதி வழியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா பஸ்ஸை நிறுத்தி என்னை இறக்கி, அந்தச் சைக்கிளைத் தூக்கிப் பின் சீட்டுப் பக்கம் ஏற்ற வைத்தார். சனம் முணுமுணுத்தது. கிளார்க் வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"தம்பி, எங்கட ஊரில சைக்கிள் எண்டால் மிதிச்சால் போகும். இஞ்ச மிதிக்க மிதிக்க நிக்குது."

அடுத்த நாள் அதே மனிதர் இறக்கத்தில் கண் மண் தெரியாமல் பறந்தார். மாமா தலையை நீட்டி, "ஹெமின், மஹத்தயா, ஹெமின்!" என்று கத்தினார். மெதுவாகப் போங்கள் ஐயா என்று அர்த்தம். கிளார்க் திரும்பிப் பார்க்காமலே "ஓம்! ஓம்!" என்று பதில் கத்தினார்.

மாமா கொஞ்ச நேரம் யோசித்தபடியே ஓட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கவலையோடு கேட்டார்.

"மல்லி, அந்த மஹத்தயா ஏன் எறக்கத்துல சாமி கும்புட்டுக்கிட்டே போறாரு? பிரேக் இல்லையா?"

யாழ்ப்பாணத்தில் ஓம் என்றால் ஆமாம் என்று நான் விளக்குவதற்குள் எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அதைக் கேட்டு மாமாவும் ஸ்டியரிங்கில் சாய்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு அந்தக் கிளார்க்கைக் கண்டால் "ஓம் மஹத்தயா!" என்றுதான் கூப்பிடுவார். அவரும் மணி அடிப்பார். ஒரு பாஷைக்காரன் சொன்னது இன்னொரு பாஷைக்காரன் காதில் வேறாக விழுவதை அன்று நாங்கள் வெறும் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

பஸ்ஸில் வருகிறவர்கள் அவரைத் திட்டாத நாள் கிடையாது. முடக்கில் முன்னால் ஒரு சைக்கிள் ஏறிக்கொண்டிருந்தால் அவர் முந்த மாட்டார். இடம் அகலமாகும் வரைக்கும் பின்னாலேயே ஊர்வார். "என்னாயா இது, பஸ்ஸா, பொண்ணு மாப்புள ஊர்வலமா?" என்று ஒருமுறை ஒரு ஆச்சி கத்தினாள். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். கண்ணாடியில் அவளைப் பார்த்து அவர் சொன்னார்: "இந்த மேட்டுல அவன் ஒருத்தன்தான் கால் நோக ஏறுறான். நம்ம எல்லாரும் குந்திக்கிட்டுத்தானே இருக்கோம்? குந்திக்கிட்டு இருக்கிறவங்க கொஞ்சம் பொறுக்கலாம்." அதையும் மொழிபெயர்த்தேன். ஆச்சி பெட்டியிலிருந்து வெற்றிலையை எடுத்து மடித்து அவருக்குக் கொடுத்தனுப்பினாள்.

அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. அவர் வலது பக்க ஜன்னல்காரர். சைக்கிள் இடது பக்கமாகப் பின்னால் போய்விடும். ஆகையால் யாருடைய முகத்தையும் அவர் ஒழுங்காகப் பார்த்தது கிடையாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். முகங்களை நான்தான் பார்ப்பேன், இடது பக்கப் படியில் தொங்குகிறவன் நான்தானே. ஒவ்வொரு சைக்கிளையும் தாண்டியதும் என்னிடம் கேட்பார்.

"மூஞ்சி எப்பிடி? சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க மாமா."

சில பேர் என் அம்மாவையும் அவர் அம்மாவையும் சேர்த்து இழுத்துத் திட்டியிருப்பார்கள். அப்போதும் சிரித்தார்கள் என்றுதான் சொல்வேன். கொண்டக்டர் வேலையில் இதுவும் ஒரு வேலை.

அந்த முதுகுகளில் ஒன்று, பதுளையில் ஒரு பார்மசியில் வேலை பார்த்த பெண்ணுடையது. பசறை ரோட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், குடியிருந்தாள். இருபது வயது சொச்சம் இருக்கும். எங்கிருந்தோ வாங்கிய பழைய ஆம்பிளை சைக்கிள், குறுக்கே கம்பி வைத்தது. காலையில் இறக்கம் என்பதால் எங்களுக்கு முன்னால் போய்விடுவாள். சாயங்காலம் மேட்டில்தான் சந்திப்பு. பார்மசியில் நின்று நின்று கால் கடுத்த பிறகு அந்த மேடு. பஸ் ஓடுமா ஓடாதா என்று அன்றன்றைக்குத்தான் தெரியும் என்பதால் சைக்கிளை விட்டால் அவளுக்கு வேலை இல்லை.

மாமா அவளை 'துவ' என்பார். மகள் என்று அர்த்தம். முடக்கு திரும்பி அந்த முதுகு தெரிந்ததும் ஜன்னல் வழியாகத் தலை போகும். "வமா... துவ, வமா..." அந்தக் குரல் கேட்டதும் அவள் எழுந்து நின்று மிதிப்பாள். ஓரமாக ஒதுங்கி இடது கையைத் தூக்கி ஆட்டுவாள். நான் தாண்டும்போது பார்த்தால் முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் சிரிப்பு.

"துவ சிரிச்சாளா?"

"பல்லு மொத்தமும் தெரிஞ்சிச்சு மாமா."

அவருக்கு அதோடு அன்றைய ஓட்டம் நிறைந்துவிடும். மிச்ச தூரம் லுணுகலை வரைக்கும் எதையோ மூக்காலேயே பாடிக்கொண்டு போவார். தாங்க முடியாத பாட்டு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் சாயங்காலம் அவள் தோட்டத்துப் பாதை பிரிகிற இடத்தில் நாலைந்து பேர் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்றவர் அவளுடைய அப்பா. தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று அவர் பஸ்ஸின் முன்பக்கத்தைக் கையால் அடித்தார்.

"எறங்குயா கீழ! எங்க வீட்டுப் புள்ளைய நடு ரோட்டுல வா வான்னு கூப்புடுறியாமே? யாருன்னு நெனச்சுக்கிட்ட?"

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை. நான் குதித்து இறங்கி, "என்னாங்க சொல்றீங்க? யாரு கூப்புட்டா?" என்றேன்.

"யாரா? இவருதான். தெனமும் வாம்மா, வாம்மான்னு. லயமே சொல்லுது. அவ வாயாலயும் சொல்லிட்டா."

அப்போதுதான் எனக்கு மண்டையில் அடித்தது. வமா. வாம்மா.

அவளுக்குச் சிங்களம் தெரியாதா? நன்றாகத் தெரியும். பார்மசியில் நாள் முழுக்கச் சிங்களத்தில் பேசுகிறவள். ஆனால் மேட்டில் மூச்சு வாங்கும்போது காது தாய் பாஷையில்தான் கேட்கும். பஸ் இரைச்சலுக்கு நடுவே ஒரு வயதான மனிதர் பின்னாலிருந்து "வாம்மா... வாம்மா..." என்று மேலே ஏறச் சொல்லிக் கூப்பிடுவதாகவே அவள் நினைத்திருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தை வீட்டில் அம்மாவிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். லயத்துக் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையில் சுவர் என்று ஒன்று பெயருக்குத்தான். முதல் காம்பராவில் சொன்னது கடைசிக் காம்பராவுக்குப் போய்ச் சேர்வதற்குள், பஸ் டிரைவர் அவளைக் கூப்பிடுகிறான், அவளும் இளித்துக்கொண்டு கையைக் காட்டுகிறாள் என்று ஆகிவிட்டது. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் யாரோ அதை அப்பாவின் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள்.

"அய்யோ, அது வாம்மா இல்லீங்க!" என்று நான் கத்தினேன். "வம! சிங்களத்துல வம! லெஃப்ட்டுல போன்னு சொல்றாருங்க. எல்லாச் சைக்கிளுக்கும் அதேதான். ஆம்பளைக்கும் அதேதான்!"

பஸ்ஸுக்குள் ஒருத்தன் சிரித்தான். அது பரவி, மறித்து நின்றவர்களில் இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் சுருங்கிப் போனது. "வமன்னா என்னான்னு எனக்குத் தெரியாதா..." என்று தனக்குத்தானே சொன்னார். அப்புறம் சுத்தமான சிங்களத்தில் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் தோட்டத்துப் பாதையில் இறங்கிப் போனார்.

நான் சீட்டுப் பக்கம் போய் மாமாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். தமிழில் வாம்மா என்றால், வா மகளே என்று அர்த்தம்.

"வாம்மா..." என்று அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "வாம்மா. நல்ல சொல்லுதானே மல்லி?"

"நல்ல சொல்லுதான் மாமா. ஆனா அத வேற மாதிரி ஆக்கிப்புட்டாங்க." எப்படி ஆக்கினார்கள் என்றும் சொன்னேன். சொல்லித்தானே ஆக வேண்டும்? அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கழுத்துத் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். எனக்கும் பெண் பிள்ளை இருக்கிறது என்றோ, நான் அப்படிப்பட்டவன் இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ்ஸை எடுக்க மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்த நாள் அவள் மேட்டில் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நான் சொன்னேன். அந்த லயத்து அம்மா ஒருத்தி பஸ்ஸில் ஏறினாள், கேட்டேன்.

"அவள அப்பாரு நிப்பாட்டிட்டாரு தம்பி. வேலையும் வேணாம், சைக்கிளும் வேணாமாம். பார்மசிக்காரரு இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பாராம், அப்பறம் வேற ஆளு எடுத்துருவாராம். அந்தப் புள்ள சோறு தண்ணி இல்லாம கெடக்குது."

"அதான் வெளங்கிருச்சே! லெஃப்ட்டுன்னு சொன்னாருன்னு ஊருக்கே தெரிஞ்சிருச்சே!"

"தெரிஞ்சிருச்சுதான். இப்ப அதையும் சொல்லிச் சிரிக்கிறானுங்க. காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனா அவ அப்பாருக்குப் பின்னால நின்னு வமா வமாங்கிறானுங்க. அவரு என்னாதான் செய்வாரு?"

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பொய் என்று தெரிந்த பிறகும் ஒரு பேச்சு சாகாமல் கிடக்குமா? கிடக்கும். நம் ஆட்களுக்குச் சிரிக்க ஒன்று கிடைத்தால் போதும், யார் வயிற்றில் அடிக்கிறோம் என்று பார்க்க மாட்டார்கள். நானும் லயத்தில் பிறந்தவன்தான், எங்களை நான் திட்டாமல் வேறு யார் திட்டுவது?

மாமா வாயை மூடிக்கொண்டார். எந்தச் சைக்கிளுக்கும் கத்தவில்லை. ஹோனும் அடிக்கவில்லை. பின்னாலேயே ஊர்ந்து, இடம் கிடைத்தால் சத்தமில்லாமல் தாண்டிப் போவார். யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருநாள் பஸ் நிலையத்தில் என்னைப் பிடித்து, "என்ன தம்பி, உங்கட டிரைவருக்குத் தொண்டை கட்டிப்போச்சோ? கூப்பிடுறாரில்லை?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா என்னை வரச் சொன்னார். கையில் ஒரு பை நிறையப் பிபிலைத் தோடம்பழம், ஆரஞ்சுதான். வெள்ளைச் சட்டை போட்டு, இருக்கிற கொஞ்ச முடியை எண்ணெய் வைத்துச் சீவியிருந்தார். "துவவோட வீட்டுக்குப் போவோம். நீ கூட இருந்து சொல்லு" என்றார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். போன இடத்தில் இன்னொரு வார்த்தை இன்னொரு விதமாய் விழுந்தால்? அவர் கேட்கவில்லை.

லயத்து வாசலில் இருந்தவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். அப்பா எழுந்து வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். ஒரே நாற்காலியில் மாமாவை உட்கார வைத்துவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தார். மொழிபெயர்க்க என்று போன எனக்கு அங்கே வேலையே இல்லை. அவருடைய சிங்களம் என் சிங்களத்தைவிட நன்றாக இருந்தது.

"மஹத்தயா, ஒங்க மேல தப்பு இல்ல. அது எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. "ஆனா நான் ஒவ்வொருத்தனா புடிச்சு வமன்னா என்னான்னு பாடம் நடத்த முடியுமா? நாளைக்கு அவளப் பொண்ணு பாக்க வாறவன் மொதல்ல இதத்தான் கேப்பான்."

"அந்தப் புள்ள நல்லா ஓட்டும்" என்றார் மாமா. "இந்த ரோட்டுல எத்தன பேர் ஓட்டுறாங்க, எறங்கித் தள்ளாம ஏறுறது அவ ஒருத்திதான். அவள ஊட்டுக்குள்ள வச்சிராதீங்க."

பிளேன்டீ வந்தது. கொண்டுவந்த பெண் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், மாமாவுக்கு இரண்டு கையாலும் கொடுத்தாள். மாமா வாங்கிக்கொண்டு என் பக்கம் குனிந்து, "இது யாரு? மூத்தவளா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பினாள். அந்த முதுகைக் கண்டதும் மாமா, "ஆ! துவ!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். அவள் திரும்பி, "மாமா" என்றாள். அவ்வளவுதான். கண் நிறைந்து உள்ளே ஓடிவிட்டாள்.

அவள் போன பிறகு மாமா குரலைத் தாழ்த்தினார்.

"நான் இந்த ரோட்டுல இல்லாட்டிப் பேச்சு நிக்குமா?"

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். வெளியே பிள்ளைகள் கத்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"நின்னுரும்" என்றார் அப்பா.

"அப்ப அவள அனுப்புங்க" என்றார் மாமா. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார்.

ரோட்டுக்கு வந்ததும் நான் வாயில் வந்ததைப் பேசினேன். உங்களுக்கு என்னா பைத்தியமா, செய்யாத தப்புக்கு எதுக்கு நீங்க ஓடணும், அவனுங்க ஜெயிச்ச மாதிரி ஆகாதா என்று கத்தினேன். அவர் நடந்துகொண்டே சொன்னார்: "எனக்கு எந்த ரோட்டுலயும் ஸ்டியரிங் ஒன்னுதான் மல்லி. அவளுக்கு இந்த ஒரு ரோடுதான் இருக்கு." கொஞ்ச தூரம் போனதும் நின்றார். "இத அவகிட்டச் சொல்லிராத. மேடு ஏறுறப்ப இந்தப் பாரமும் எதுக்கு?"

முதலாளிக்கு அப்புத்தளைக்கு ஓடுகிற இன்னொரு பஸ் இருந்தது. மாமா அதற்கு மாறிப் போனார். இருவரும் ஒரே நிலையத்தில் இருந்தாலும் நேரம் ஒத்துவரவில்லை, அவர் கிளம்பினால் நான் வருவேன். கண்ணாடிக்குள்ளிருந்து விரலைத் தூக்கிக் காட்டுவார். கொஞ்ச நாளில் அதுவும் இல்லை. அப்புத்தளைப் பனியில் தொண்டை மோசமாகி, கண்ணும் மங்கி, வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். அவருடைய நம்பர் வேலை செய்யவில்லை. ஒருதடவை பிபிலைக்குப் போய்த் தேட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வருஷங்கள் போய்விட்டன. நினைக்க நினைக்க மனது கிடந்து அடித்துக்கொள்கிறது. இப்போது நான் சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறேன். நான் ஹோன் அடிக்கிறவன்தான். எனக்கு அவ்வளவு பெரிய மனது கிடையாது.

பழைய கதைக்கு வருகிறேன். மாமா கேட்டுக்கொண்டபடியே அப்பா அவளை அனுப்பினார். மாமா போன மறுவாரம் அவள் சைக்கிளோடு மேட்டில் இருந்தாள். எங்கள் பஸ்ஸுக்குப் புது டிரைவர் வந்திருந்தான். இளவட்டம், கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கை எப்போதும் ஹோனில்தான் இருக்கும். பஸ் வருகிற சத்தம் கேட்டதுமே அவள் எழுந்து நின்று மிதித்து, ஓரம் ஒதுங்கி, கையைத் தூக்கினாள். ஹோன் அலறியது. தூக்கிய கை அப்படியே இறங்கிவிட்டது. நான் தாண்டும்போது அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

அந்த வாரக் கடைசியில் பஸ் நிலையத்துக்கே என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணா, மாமா எங்க?"

"ரூட் மாத்திட்டாங்க."

"சொல்லிக்காமயே போயிட்டாரே. அன்னிக்கி வீட்டுக்கு வந்தப்பகூட ஒன்னும் சொல்லலையே." கீழே பார்த்துக்கொண்டு சைக்கிள் பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டாள். "நான் காதுல தப்பா வாங்கினதுக்கு எம்மேல கோவமா அண்ணா?"

கோபமா! அந்த மனிதருக்கா! சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொண்டது எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் அவர் இவள் மேல் கோபித்துக்கொண்டு போனார் என்று ஒரு உயிர் நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டதையும், அப்பா சொன்ன பதிலையும் சேர்த்தே சொன்னேன். சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. மாமா இருந்தால் திட்டியிருப்பார், திட்டட்டும்.

அவள் அழவில்லை. "எங்கப்பாவா நின்னுரும்னாரு?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மேட்டில் முடக்கு திரும்பியதும் அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஓரத்தில் இல்லை. ரோட்டின் நட்ட நடுவில்.

புது டிரைவர் ஹோன் அடித்தான். அவள் ஒதுங்கவில்லை. திரும்பவும் அடித்தான், கையை எடுக்காமல் அடித்தான். எனக்கு ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போட்டது. அவள் கை ஆடவில்லை, தலை திரும்பவில்லை, வேகம் கூடவுமில்லை குறையவுமில்லை. எங்களுக்குப் பின்னால் இரண்டு வேன், ஒரு கொழுந்து லொறி என்று வரிசை கட்டி, எல்லாம் சேர்ந்து அலறின. பஸ்ஸுக்குள் ஆளாளுக்குக் கத்தினார்கள். பைத்தியமா இந்தப் பொண்ணுக்கு, செவிடா, பொம்பளப் புள்ளைக்கு இம்புட்டு ஆங்காரமா என்றார்கள்.

"எறங்கி ஓடிப் போய் ஓரமா போகச் சொல்லுடா!" என்று டிரைவர் என்னைப் பார்த்து அலறினான்.

நான் படியில் நின்றுகொண்டே இருந்தேன். வமா என்று கூப்பிட ஆள் இல்லாத ரோட்டில் அவள் எதற்கு ஒதுங்க வேண்டும்?

"அவ வீடு வர்ற வரைக்கும் இப்பிடியே போவோம்" என்றேன்.